கட்டடமா, கஞ்சியா? ஆப்பிரிக்கக் கிராமப் பள்ளிகளுக்கான கொடை வழிகள்

ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றின் கல்விக்குப் பணம் தர முன்வருபவர் பெரும்பாலும் முதலில் கட்டடத்தையே நினைக்கிறார். சுவரில் பெயர்ப் பலகை பதிக்கலாம், திறப்பு விழா நடத்தலாம் என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் கட்டடம், மதிய உணவு, குடற்புழு மாத்திரை, கைப்பம்பு ஆகியவை ஒரே பணத்துக்காகப் போட்டியிடும் வழிகள். எது சிறந்தது என்பது அந்த ஊரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமையும்.

கட்டடத்தின் பக்கம் நின்று வாதாட புர்க்கினா ஃபாசோவின் கான்டோ கிராமத்தைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. அவ்வூரில் பள்ளி இல்லாததால் ஏழு வயதிலேயே வெளியூருக்கு அனுப்பப்பட்ட பிரான்சிஸ் கெரே, பின்னாளில் ஜெர்மனியில் கட்டடக்கலை மாணவராக இருந்தபோதே நிதி திரட்டி, 2001இல் அங்கு ஒரு தொடக்கப் பள்ளியைக் கட்டி முடித்தார். சிறிதளவு சிமெண்ட் சேர்த்து அழுத்திய களிமண் கற்களால் சுவர் எழுப்பி, தகரக் கூரையை மேற்தளத்தைத் தொடாமல் உயரத்தில் தூக்கி நிறுத்தினார்கள். இடைவெளி வழியாக வெப்பக் காற்று வெளியேறிவிடுவதால், நேரடியாகத் தகரம் வேய்ந்த வகுப்பறைகளைப் போல உள்ளே புழுங்குவதில்லை. வேலை செய்தவர்கள் ஊர்மக்களே. கற்ற தொழில் அவர்கள் கையிலேயே தங்கியது என்பதை நான் கட்டடத்துக்கு இணையான பலனாகக் கருதுகிறேன். கெரேவுக்கு 2022இல் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது.

எனினும் கான்டோ, தன் ஊரை அறிந்த ஒருவர் எழுப்பிய ஒற்றைப் பள்ளி. இதே நாட்டில் அமெரிக்க அரசின் மில்லேனியம் சேலஞ்ச் கார்ப்பரேஷன் நிதியில் 2005இல் தொடங்கிய 'பிரைட்' திட்டம், பெண் கல்வி மிகவும் பின்தங்கிய மாகாணங்களில் 132 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது. வகுப்பறைகளுடன் ஆசிரியர் குடியிருப்பு, தண்ணீர் வசதி, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, தவறாமல் வரும் மாணவிகளுக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் தானியம் ஆகியவையும் தரப்பட்டன. இரண்டரை ஆண்டுகள் கழித்து நடந்த மதிப்பீட்டின்படி பள்ளிச் சேர்க்கை 19 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. மாணவிகளிடையே இந்த உயர்வு மாணவர்களைவிட 5 புள்ளிகள் அதிகம். இதைவிட முக்கியமானது ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டிய கணக்கு: பள்ளியே இல்லாத இடத்தில் ஒரு பள்ளி அமைவதால் மட்டும் ஏறக்குறைய 26 புள்ளிகள், பிரைட் பள்ளிகளுக்கே உரிய வசதிகளால் மேலும் 13 புள்ளிகள். ஒப்பிடப்பட்ட ஊர்கள் பலவற்றிலும் ஏதோ ஒரு பள்ளி இருந்ததால்தான் மொத்த உயர்வு 19ஆக நின்றது. ஆகவே நடக்கும் தூரத்தில் பள்ளி இல்லாத ஊருக்குக் கட்டடமே முதல் தேவை. இருக்கும் பள்ளியோடு நான்காவது வகுப்பறையைச் சேர்ப்பதற்கு இந்தக் கணக்கு சான்றாகாது.

கட்டடத்துக்கு இன்னொரு பலவீனம் உண்டு: அதை இடம் மாற்ற முடியாது. பிரைட் பள்ளிகள் எழுந்த சூம், ஊதலான், யாகா போன்ற மாகாணங்களே பின்னர் ஆயுதக் குழுக்களின் வன்முறையில் சிக்கின. 2023 தொடக்கத்தில் நாடு முழுவதும் 6,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடிக் கிடந்தன.

மலாவியின் நிலை வேறு. 1994இல் தொடக்கக் கல்வி கட்டணமற்றதானதும் சேர்க்கை பெருகியது. பிறகு பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைப்பதே பெரும் சிக்கலானது. 2002 முதல் அங்கு இயங்கும் ஸ்காட்லாந்துத் தொண்டு நிறுவனமான மேரிஸ் மீல்ஸ், பள்ளிகளில் சோளமும் சோயாவும் கலந்து சத்தூட்டிய மாவில் கஞ்சி காய்ச்சித் தருகிறது. ஊர்ப் பெற்றோர் முறை வைத்து, இருட்டோடு வந்து அடுப்பு மூட்டுகிறார்கள். பிள்ளைகள் குவளையுடன் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு குழந்தைக்கு ஆண்டுச் செலவு ஏறக்குறைய 20 பவுண்டுதான். ஆனால் கொடை நின்ற மறுநாளே அடுப்பும் அணைந்துவிடும். ஒரே தவணையில் கொடுத்துவிட்டு விலக விரும்புபவருக்கு இது பொருந்தாது.

செலவை மட்டும் பார்த்தால் இந்த வழிகளில் குடற்புழு நீக்க மாத்திரையை எதுவும் வெல்லாது. கென்யாவின் புசியாவில் 75 பள்ளிகளில் 1998இல் தொடங்கிய ஆய்வு, மாணவர்கள் வராத நாட்கள் ஏறக்குறைய கால்பங்கு குறைந்ததாகக் காட்டியது. தேர்வு மதிப்பெண்ணில் மாற்றம் தெரியவில்லை. 2015இல் வெளியான மறு ஆய்வு சில கணக்குப் பிழைகளைச் சுட்டியதால், அருகிலுள்ள பள்ளிகளுக்கும் பலன் பரவியது என்ற பகுதி வலுவிழந்தது. புழுத்தொற்று மிகுந்த ஏரிக்கரைப் பகுதிகளுக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன். அதே வட்டாரத்தில் இலவசப் பாடநூல் வழங்கியபோது, ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களுக்கு மட்டுமே உதவியது; நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன, பலருக்கு அது மூன்றாவது மொழி.

தண்ணீர்த் திட்டங்களில் கவர்ச்சியைக் கண்டு ஏமாறக் கூடாது. பிள்ளைகள் ராட்டினம் சுற்றினால் நீர் ஏறும் 'பிளேபம்ப்'புக்கு 2006இல் பெரும் நிதி குவிந்தது. விளையாட ஆளில்லாத நேரங்களில் பெண்களே அதைக் குனிந்து தள்ள வேண்டியதாயிற்று. சாதாரணக் கைப்பம்பின் விலையோ அதில் கால்பங்குதான். கோயம்புத்தூர் வட்டாரத்தில் களச் சோதனை கண்ட இந்தியா மார்க் வகைப் பம்புகள் இன்றும் பல ஆப்பிரிக்க நாடுகளில் இயங்குகின்றன. பழுது பார்க்க ஆளும் உதிரிபாகமும் உள்ளூரில் கிடைக்கின்றனவா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் கையில் ஒரு தொகை இருந்தால், பள்ளியே இல்லாத ஊருக்குக் கட்டடமும் கழிப்பறையும் சேர்ந்த தொகுப்பை, ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்பதாக எழுத்தில் உறுதியளித்த பிறகே, தருவேன். பள்ளி இருக்கும் ஊருக்கு, சிறிய தொகையானாலும், ஐந்தாண்டுக்குக் கஞ்சிச் செலவை ஏற்பேன்.