அறுந்த ஸ்போர்ட்ஸ் வாட்ச் ஸ்ட்ராப்: சென்னை வியர்வைக்கு எது தாங்கும்?

வாட்ச் கையிலிருந்து நழுவி விழுந்ததும் உடனே புது ஸ்ட்ராப் வாங்கத் தோன்றும். அதற்கு முன் வெளிச்சத்தில் வைத்து, போனது எது என்று பாருங்கள். ஸ்ட்ராப்பின் இரண்டு பாதிகளும் முழுசாக இருந்து, வாட்ச்சோடு சேரும் இடத்தில் மட்டும் விட்டிருந்தால் பழுது ஸ்ட்ராப்பில் இல்லை, உள்ளே இருந்து ஸ்ட்ராப்பை வாட்ச்சோடு பிணைக்கும் சிறு கம்பியான ஸ்பிரிங் பின்னில். அந்தப் பின்னின் நுனி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். வியர்வை உப்பு தேங்குவதும் அங்கேதான். துருவேறி மெலிந்த நுனி ஒரே இழுப்பில் முறிந்துவிடும். ஒரு ஜோடி பின் மாற்றினால் வேலை முடிந்தது. தெருமுனை வாட்ச் ரிப்பேர் கடையில் அளவு வாரியாக டப்பாவில் வைத்திருப்பார்கள்.

ஸ்ட்ராப்பின் நுனியைச் செருகும் லூப் மட்டும் அறுந்திருந்தால் லூப்பைத் தனியாகவே வாங்கலாம். அது கிடைக்கும் வரை ஒல்லியான சைக்கிள் ட்யூபிலிருந்து ஒரு வளையம் வெட்டி மாட்டினால் ஓடும்போது நுனி ஆடாது. பக்கிளும் அப்படித்தான், தனியாக மாற்றலாம். ஆனால் பின் உட்காரும் குழியே வாட்ச் உடலில் பிளந்திருந்தால் எந்த ஸ்ட்ராப் வாங்கியும் பயனில்லை. அது கேஸ் மாற்றும் வேலை.

ஸ்ட்ராப்பே அறுந்திருந்தால்தான் இனி வரும் ஒப்பீடு. அதற்கு முதல் தேவை அளவு. வாட்ச் உடலில் ஸ்ட்ராப்பைப் பிடிக்க நீண்டிருக்கும் இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மி.மீ. ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். டயலின் விட்டத்தைச் சொல்லி ஸ்ட்ராப் கேட்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கார்மின் ஃபோர்ரன்னர் 55-க்கும் 245-க்கும் 20 மி.மீ., 255-க்கு 22, அதே 255எஸ்-க்கு 18. சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4, 5, 6 மூன்றுக்கும் 20. ஒரு மி.மீ. குறைந்தால் ஸ்ட்ராப் பக்கவாட்டில் ஆடி, பின்னை வளைத்துவிடும். ஒரு மி.மீ. கூடுதலான சிலிக்கானை அமுக்கி நுழைக்க முடியும். ஆனால் உரசி உரசி ஓரம் கிழியும்.

சில வாட்ச்சுகள் இந்தக் கணக்கில் வராது. கேசியோவின் ஜி-ஷாக் டிடபிள்யூ-5600 போன்றவற்றில் ஸ்ட்ராப்பின் முனை உடலின் வடிவத்துக்கு ஏற்பக் குறுகி உள்ளே போகும். நேரான பொது ஸ்ட்ராப் அதில் உட்காராது, இடையில் அடாப்டர் வேண்டும். பழைய ஃபோர்ரன்னர் 235-ல் இருப்பது ஸ்பிரிங் பின்னே அல்ல, டி5 அளவு நட்சத்திரத் தலை திருகு. ஒரு பக்கம் ஒரு டிரைவரால் பிடித்துக்கொண்டு மறுபக்கம் இன்னொன்றால் திருக வேண்டும். தட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினால் தலை மழுங்கி, பிறகு யாராலும் கழற்ற முடியாமல் போகும்.

கம்பெனி ஸ்ட்ராப்பா, சிலிக்கானா?

ஜி-ஷாக் வகை வாட்ச்சுகளில் வரும் 'ரெசின்' என்பது பாலியூரிதேன். உறுதியானது, சட்டென்று கிழியாது, தூசி ஒட்டாது. அதன் எதிரி ஈரப்பதம். காற்றில் உள்ள ஈரம் பாலியூரிதேனின் மூலக்கூறுச் சங்கிலியை மெல்ல மெல்ல வெட்டுகிறது, வெப்பம் அதை வேகப்படுத்துகிறது. வருஷம் முழுக்கக் கடற்காற்றும் புழுக்கமும் உள்ள சென்னையில் இரண்டுக்கும் குறைவே இல்லை. கட்டாமல் பீரோவில் பத்திரப்படுத்தியதும் இப்படித்தான் வீணாகிறது. பல வருஷம் கழித்து எடுத்துக் கட்டினால் பக்கிள் துளைகளின் இடையே அப்பளம் போல உடைகிறது. பொருளின் இயல்பே அது, வைத்திருந்தவர் மேல் குற்றம் இல்லை.

ஆகவே கம்பெனி ஸ்ட்ராப் வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த 'புது' ஸ்ட்ராப்புக்கும் வயது ஏறியிருக்கும். துளைகள் உள்ள பாதியை 'ப' வடிவத்தில் மடக்கி, மடிப்பின் வெளிப்பக்கத்தை உற்றுப் பாருங்கள். மயிரிழை போல வெள்ளைக் கோடுகள் தெரிந்தாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேசியோவுக்கு ஸ்ட்ராப் கேட்கும்போது பின்மூடியில் கட்டத்துக்குள் இருக்கும் எண்ணைச் சொல்லாதீர்கள். அது உள்ளே இருக்கும் மாட்யூலின், அதாவது வாட்ச்சை ஓட்டும் பாகத்தின் எண். கடைக்காரருக்குத் தேவை மாடல் எண்.

சிலிக்கானுக்கு இந்த ஈரப்பத நோய் கிடையாது. வெயிலையும் தாங்கும், தோலுக்கும் மென்மை. விலையும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். அதன் பலவீனம் வேறு இடத்தில்: லேசாக ஒரு வெட்டு விழுந்துவிட்டால் அதிலிருந்து கிழிசல் விறுவிறுவென ஓடும். பெரும்பாலும் தினமும் பக்கிள் முள் குத்தும் அதே துளையில்தான் தொடங்கும். முள்ளின் நுனி கூராக இருந்தால் நெயில் ஃபைலால் மழுக்கிவிடுவது நல்லது. சட்டைப்பையில் போட்டால் நூல் பிசிறு ஒட்டும், ஆனால் தண்ணீரில் கழுவினால் போய்விடும். காற்றுப் போகாத பொருள் என்பதால் அடியில் வியர்வை தேங்கி வேர்க்குரு வரலாம். உட்புறம் வரிப்பள்ளம் உள்ளதை, அல்லது பட்டை முழுக்கத் துளையிட்டதை வாங்கினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

நமது பார்வையில், ரெசின் வாட்ச்சில் பொது ஸ்ட்ராப் உட்காராது என்றால் மட்டும் கம்பெனி ஸ்ட்ராப்புக்குப் பணம் கொடுக்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும் சிலிக்கானே போதும். இணையத்தில் வாங்குவதைவிட ரிச்சி ஸ்ட்ரீட், பாரிமுனைப் பக்கம் போய் வாங்குவதில் ஒரு லாபம் உண்டு. மடக்கிப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம். காரமான பிளாஸ்டிக் நெடி அடித்தால் அது சிலிக்கானே அல்ல. வாட்ச்சைக் கையோடு கொண்டுபோங்கள், அளவுத் தகராறும் வராது.

நைலான்: இரண்டு வகை, ஒன்று ஆகாது

நைலானில் ஒரே நீளப் பட்டையாக, இரண்டு பின்களுக்கும் அடியில் நுழைந்து வாட்ச்சின் முதுகைச் சுற்றிப் போகும் வகை ஒன்று உண்டு. நேட்டோ என்பார்கள். ஒரு பின் போனாலும் மறு பின்னில் வாட்ச் தொங்கும், கீழே விழாது. சாதாரண டிஜிட்டல் வாட்ச்சுக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. ஆனால் முதுகில் இதயத் துடிப்பு சென்சார் உள்ள வாட்ச்சுக்கு இது ஆகவே ஆகாது. பச்சை விளக்கு தோலைத் தொடுவதற்குப் பதில் துணியைத்தான் தொடும். கார்மின், சாம்சங், அமேஸ்ஃபிட் வைத்திருப்பவர்கள் இரண்டு துண்டாக வரும் வெல்க்ரோ நைலானைத்தான் எடுக்க வேண்டும்.

வெல்க்ரோ வகையின் சிறப்பு, துளைக் கணக்கு இல்லாமல் எந்த அளவுக்கும் இறுக்கலாம். சென்சார் சரியாகப் படிக்க அதுதான் முக்கியம். இரவில் தூக்கத்தை அளக்கக் கட்டுபவர்களுக்கு இதுவே சுகம். குறை என்னவென்றால் துணி வியர்வையைக் குடிக்கும். கத்திரி வெயிலில் பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு அப்படியே வைத்தால் மறுநாள் நாற்றம் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் ஓர் இரவு காய்ந்தாலும் ஈரம் போகாது. மாற்றிக் கட்ட இரண்டு இருந்தால் சமாளிக்கலாம். வெல்க்ரோ முடிகளில் நூல் சேர்ந்தால் பிடிமானம் குறையும், பழைய டூத் பிரஷ்ஷால் வாரிவிடுங்கள்.

ஃப்ளூரோ ரப்பர் ஸ்ட்ராப்பை எஃப்கேஎம் என்ற பெயரில் விற்பார்கள். எண்ணெய், சன்ஸ்க்ரீன், வியர்வை மூன்றையும் நன்றாகத் தாங்கும், தூசி ஒட்டாது. விலை சிலிக்கானைவிடப் பல மடங்கு. தினமும் கட்டி, வருஷக்கணக்கில் மாற்ற விரும்பாதவருக்குக் கொடுத்த காசு தகும். ஸ்டீல் செயின் ஓட்டத்துக்குக் கனம், சென்சாரோடு ஒட்டியும் நிற்காது. லெதர் வியர்வைக்கு ஆகாது, அவ்வளவுதான்.

ஒட்டிப் பார்க்கலாமா என்றால், வேண்டாம். ஃபெவிக்விக் சிலிக்கானில் பிடிக்கவே பிடிக்காது. ரெசினில் பிடிக்கும், ஆனால் ஒட்டிய இடம் கல்லாக இறுகி அதற்கு அடுத்த இடத்தில் உடையும். அதன் ஆவி பட்டு வாட்ச் கண்ணாடியில் வெள்ளையாகப் படிவதும் உண்டு.

பின்னைத் தேர்வதும் மாட்டுவதும்

ஸ்ட்ராப்போடு இலவசமாக வரும் பின்னை நம்பி ஓட வேண்டாம். அதைவிட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின் கேட்டு வாங்குங்கள். காந்தத்தில் ஒட்டுகிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒட்டக்கூடும். பின்னின் நடுப்பகுதிக்கு 1.5 மி.மீ. தடிமன் சாதாரண அளவு. ஸ்ட்ராப்பின் துளையும் வாட்ச்சின் குழியும் இடம் கொடுத்தால் 1.8 எடுக்கலாம். சிறு நெம்புகோல் வைத்த குவிக் ரிலீஸ் பின்னை டூல் இல்லாமலே கழற்றலாம். அடிக்கடி ஸ்ட்ராப் மாற்றுபவருக்கு அது வசதி. ஆனால் அந்த நெம்புகோல் நகரும் பிளவு வழியாக மணலும் உப்பும் உள்ளே போகும். கடலில் இறங்குபவருக்குச் சாதாரணப் பின்னே மேல்.

கழற்றும்போது மேஜையில் மெத்தென்ற துணி விரித்து, வாட்ச்சைக் கவிழ்த்து வையுங்கள். இரு காதுகளின் உட்புறமும் செலோ டேப் ஒட்டினால் கீறல் விழாது. கவட்டை நுனி உள்ள ஸ்ட்ராப் டூலை ஸ்ட்ராப்புக்கும் காதுக்கும் இடையே நுழைத்து, பின்னின் விளிம்பை ஸ்ட்ராப்பின் பக்கமாகத் தள்ளுங்கள். டூல் இல்லாவிட்டால் ஊக்கு நுனியும் உதவும், கை மட்டும் வழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின் துள்ளித் தெறித்தால் அறை முழுக்கத் தேட வேண்டியிருக்கும். அதனால் இந்த வேலையை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் கைவிட்டுச் செய்வதே நல்லது. பின் துருப்பிடித்து இறுகியிருந்தால் பல்குத்தும் குச்சி நுனியில் ஒரு துளி துரு நீக்கும் எண்ணெய் தொட்டு வையுங்கள். நேராக ஸ்ப்ரே அடித்தால் தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையத்துக்கு ஆபத்து. நுனி முறிந்து குழிக்குள் சிக்கிக்கொண்டால் ஊசியால் கிளற வேண்டாம், ரிப்பேர்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

காதுகளின் இடுக்கில் கறுப்பாகப் படிந்திருக்கும் அழுக்கை சோப்பு நீரும் பிரஷ்ஷும் கொண்டு எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புது ஸ்ட்ராப்பை மாட்டுங்கள். பக்கிள் உள்ள பாதி 12 மணிப் பக்கம், துளைகள் உள்ள பாதி 6 மணிப் பக்கம். பின்னின் ஒரு நுனியைக் குழியில் வைத்து, மறு நுனியை அமுக்கி நழுவ விட்டால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். சத்தம் வராமல் உட்கார்ந்தது போலத் தெரிந்தால் நுனி குழியின் விளிம்பில்தான் நிற்கிறது. வாட்ச்சை ஒரு கையில் பிடித்து, ஸ்ட்ராப்பை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அழுத்தி இழுத்துப் பாருங்கள். கழன்றுகொள்வதானால் துணி விரித்த மேஜை மேலேயே கழன்றுகொள்ளட்டும்.