மார்ஃபின் மாத்திரையா, ஃபென்டனில் பேட்ச்சா?

இரண்டும் ஓபியாய்டு எனப்படும் வலுவான வலிநிவாரணிகள்; ஒன்று விழுங்குவது, மற்றது தோலில் ஒட்டுவது. முற்றிய புற்றுநோயின் வலிக்கு மருத்துவர் இரண்டையும் சொல்லும்போது வீட்டார் திகைத்துப்போகிறார்கள்.

விலை: மாத்திரை மலிவு. பேட்ச் பல மடங்கு அதிகம்.

கிடைப்பது: இவ்வகை மருந்துகள் நோயாளிகளுக்கு எளிதாகக் கிடைக்க இந்தியாவில் 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் இரண்டுமே எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை. பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும்.

வேகம்: சாதாரண மார்ஃபின் மாத்திரை அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தரவேண்டும். பேட்ச் முழுப் பலன் தர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். ஒட்டியதிலிருந்து மூன்று நாள் தாங்கும். வலி நாளுக்கு நாள் மாறுகிறவருக்கு மாத்திரையே வசதி, அளவைக் கூட்டிக் குறைக்கலாம். இதற்குமுன் இவ்வகை மருந்தே எடுக்காதவருக்கு நேராக பேட்ச் ஒட்டுவது ஆபத்து.

தொல்லை: மாத்திரையால் மலச்சிக்கல் வரும் என்பதால் மலமிளக்கியும் சேர்த்தே தரவேண்டும், பலர் இதை விட்டுவிட்டு மார்ஃபினைத் திட்டுகிறார்கள். பேட்ச்சில் மலச்சிக்கல் சற்றுக் குறைவு. ஆனால் அதன்மேல் வெந்நீர்ப் பை வைத்தால் மருந்து அதிகமாக உடலில் இறங்கும்; கடும் காய்ச்சலிலும் அப்படித்தான். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் அகற்றவேண்டும்.

விழுங்க முடிகிறவருக்கு என் ஓட்டு மாத்திரைக்கே. தொண்டைப் புற்றுநோய், ஓயாத வாந்தி, சிறுநீரகக் கோளாறு என்றால், வலி ஒரு நிலைக்கு வந்தபின் பேட்ச். அப்போதும் திடீர் வலிக்கு வேறொரு மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்திருங்கள்.