லேபில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் லேபில் எல்லாமே டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினிகள். கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) பாதுகாப்பு அப்டேட் வந்தால், ஒரே பொதியை (மென்பொருளை நிறுவும் கோப்பு) எல்லாக் கணினிகளும் தனித்தனியாக மிரரில் (டெபியன் பொதிகளின் நகலை வைத்திருக்கும் சர்வர்) இருந்து இறக்கிக்கொண்டிருந்தன. லேப் இணைப்பு திணறியது ஒரு பக்கம். மிரர்களில் பல, பல்கலைக்கழகங்களும் தன்னார்வலர்களும் காசு வாங்காமல் நடத்துபவை. அவர்களுக்கு இப்படி வீண் சுமை கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால், ஒருமுறை இறக்கிய பொதியைச் சேமித்து வைத்து மற்ற கணினிகளுக்குக் கொடுக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜியை ஒரு பழைய கணினியில் நிறுவினேன். அது 3142 போர்ட்டில் இயங்கும். மற்ற கணினிகளில் ஆப்ட்டின் (டெபியனில் பொதிகளை இறக்கி நிறுவும் கருவி) ப்ராக்ஸியாக (இடைநிலை சர்வர்) அந்த முகவரியைக் கொடுத்தால் போதும். முதலில் கேட்கும் கணினிக்காக மட்டும் மிரருக்குப் போகும். மற்றவற்றுக்கு லேபுக்குள்ளிருந்தே கிடைத்துவிடும்.

இதற்கு டெபியனின் அமைப்பே கைகொடுக்கிறது. பொதியின் கோப்புப் பெயரிலேயே பதிப்பு எண் உண்டு; புதுப் பதிப்பு வந்தால் பெயரும் மாறிவிடும். அதனால் சேமித்து வைத்த பொதி பழசாகிவிட்டதா என்ற கேள்வியே எழாது. அடிக்கடி மாறுவது, என்னென்ன பொதிகள் உள்ளன என்று சொல்லும் பட்டியல் கோப்புகள்தான். நடுவில் யாராவது பொதியை மாற்றிவிட்டால் என்ற பயமும் வேண்டாம். கையொப்பமிட்ட பட்டியல் வழியாக ஒவ்வொரு பொதியின் ஷா-256 மதிப்பையும் (கோப்பின் கைரேகை போன்ற ஹேஷ்) ஆப்ட் சரிபார்க்கிறது.

சிக்கல்களும் உண்டு. எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்த இணைப்பு) முகவரி கொண்ட களஞ்சியங்களை (பொதிகள் கிடைக்கும் இடங்கள்) இது அப்படியே சேமிக்காது. கேச்சரே வெளியே போய் எச்டிடிபிஎஸ்ஸில் எடுத்துவரும்படி முகவரியை மாற்றி எழுத வேண்டும். எப்போதாவது ஹேஷ் பொருந்தவில்லை என்று ஆப்ட் நின்றுவிடும். அப்போது கேச்சரின் அறிக்கைப் பக்கத்தில் ஸ்கேன் ஓட்டிக் கெட்ட கோப்பை நீக்கினால் சரியாகிவிடும். வீட்டுக்கு எடுத்துப்போகும் லேப்டாப்களில் ப்ராக்ஸி கிடைக்காமல் அப்டேட்டே நடக்காது. அவற்றில் ஆட்டோ-ஆப்ட்-ப்ராக்ஸி பொதியைப் போடுங்கள். கேச்சர் இருந்தால் கண்டுபிடிக்கும், இல்லையென்றால் நேராக மிரருக்குப் போகும்.

உண்மையில் பெரிய விரயம், மென்பொருளை அதன் தேவைகளோடு ‘இமேஜ்’ என்ற ஒரே தொகுப்பாகக் கட்டி ஓட்டும் கருவியான டாக்கரில்தான். டெபியன் இமேஜ், இறக்கிய பொதிகளை நிறுவியவுடன் அழித்துவிடும். இமேஜைக் கட்டும் (பில்ட்) கட்டளைகள் உள்ள டாக்கர்ஃபைலில் மேலே ஒரு வரியைத் தொட்டாலே கீழே உள்ள எல்லாம் மறுபடி இறங்கும். பில்ட் ஆர்க்யுமென்டாக (பில்ட் செய்யும்போது தரும் மதிப்பு) ப்ராக்ஸி முகவரியைக் கொடுத்த பிறகு, அதே பொதிகளை மிரரில் இருந்து மறுபடி இறக்குவது அடியோடு நின்றது. மாணவர்கள் நாள் முழுக்க பில்ட் செய்யும் இடத்தில் இந்த ஒரு மாற்றத்துக்காகவே இதை நிறுவலாம்.

ஒரே ஒரு கணினிதான், டாக்கரும் இல்லை என்றால் இது தேவையில்லை. மூன்று, நான்கு கணினிகள் இருந்தாலே தயங்காமல் போடுங்கள்.