நாலு ஹார்ட் டிஸ்க், ஆறு வருஷம், ஒரு கேபிள்

கல்யாண போட்டோ, வீடியோ எடுப்பது என் தொழில். 2018-ல் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். "அண்ணே, அப்பா தவறிட்டாரு. தாலி கட்டும்போது பக்கத்துல நின்னாரே, அந்த போட்டோவ மட்டும் பெருசா போட்டுக் கொடுங்க." ஃபைலைத் திறந்தால் மேல்பாதியில் மணவறைத் தோரணம், கீழ்பாதி முழுக்க சாம்பல் பட்டை. டிஸ்க் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. காப்பி வைத்திருந்த டிஸ்க்கிலும் அதே சாம்பல்தான். கெட்டுப்போனதைத்தான் நான் பத்திரமாகக் காப்பி எடுத்திருக்கிறேன்.

மறு வருஷம் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நான்கு 4 டிபி டிஸ்க் மாட்டி, இசட்எஃப்எஸ்ஸில் (ஃபைல்களைச் சேமித்துப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்) ரெய்டு-இசட்2 போட்டேன், பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை அது. எந்த இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பிக்கும். 16 டிபிக்குக் காசு கொடுத்துவிட்டு 8 டிபிகூட முழுசாகக் கையில் வராது. வயிறு எரிந்தது.

ஒரு பாரிட்டி (போனதைத் திரும்பக் கணக்கிட வைக்கும் உபரி டேட்டா) மட்டும் உள்ள சாதாரண ரெய்டு 5, மூன்று எண்ணையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் எழுதி வைப்பது மாதிரி. ஒன்று அழிந்தால் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம். எதுவும் அழியாமல் ஒரு எண் மட்டும் சத்தமில்லாமல் மாறிவிட்டால்? கணக்கு இடிப்பது தெரியும், எந்த எண் தப்பு என்று தெரியாது. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்குக்கும், அதாவது டேட்டாத் துண்டுக்கும், தனியாக ஒரு செக்சம் (அந்தத் துண்டிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) வைத்திருக்கிறது. அதனால் எந்த டிஸ்க் பொய் சொல்கிறது என்று படிக்கும்போதே பிடித்து, பாரிட்டியிலிருந்து சரியானதைக் கணக்கிட்டு அங்கேயே திருத்தி எழுதிவிடும். மாதம் ஒரு ராத்திரி ஸ்க்ரப் ஓட விடுவேன். மொத்த டேட்டாவையும் படித்துச் சரிபார்க்கும்.

மூன்றாம் வருஷம் ஒரு டிஸ்க் செத்தது. மாற்றாக வாங்கியது எஸ்எம்ஆர் ரகம். ஓட்டுக்கூரை மாதிரி தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், ஒன்றைத் திருத்த பக்கத்தில் உள்ளதையும் சேர்த்து எழுத வேண்டும். பெட்டியில் ஒரு வார்த்தை போட்டிருக்கவில்லை. நாலு நாள் ஓடியும் ரீசில்வர் (புது டிஸ்க்கில் டேட்டாவைத் திரும்ப நிரப்பும் வேலை) பாதியைத் தாண்டவில்லை. சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்து, சாதாரண ரகம் வாங்கிப் போட்டேன். 11 மணி நேரத்தில் முடிந்தது. அந்த 11 மணி நேரத்துக்குள் இன்னொரு டிஸ்க்கில் இரண்டு இடம் படிக்க முடியாமல் போனது. ஒரே பாரிட்டி என்றால் அந்த இரண்டு இடமும் அம்போ. வயிற்றெரிச்சல் அன்றோடு போச்சு.

ராம் விஷயத்தில் இன்னும் சோம்பேறித்தனம்தான். இசிசி ராம் 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்ளும். என் போர்டு அதை ஏற்காது. டிஸ்க்குக்குப் போகும் முன்பே ராமில் கெட்டதை, செக்சம் சரியான டேட்டா என்றே நம்பிவிடும்.

ஐந்தாம் வருஷம் ஸ்க்ரப் முடிந்து பார்த்தால் ஒரு டிஸ்க்குக்கு நேரே செக்சம் பிழை 37. அடுத்த மாதம் 112. பயந்துபோய்ப் புது டிஸ்க் வாங்கிவிட்டேன். மாட்டும் முன், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நண்பர் "ஸ்மார்ட்ல 199-ஆம் வரியப் பாருங்க" என்றார். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்தான் ஸ்மார்ட். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே வழியில் கெடுவதை எண்ணும் வரி அது, ஏறிக்கொண்டே இருந்தது. கெட்ட செக்டாரை எண்ணும் 5, 197 இரண்டும் பூஜ்யம். கேபினட் மூடி அழுத்தி அழுத்தி சாட்டா கேபிள் மடிந்திருக்கிறது. 120 ரூபாய்க்கு வேறு கேபிள் போட்டேன், பிழை நின்றது.

இதையெல்லாம் நம்பி மச்சான் வீட்டில் இருக்கும் இன்னொரு காப்பியை நிறுத்தவில்லை. நான் தவறிப்போய் ஒரு ஃபோல்டரை அழித்தால், நாலு டிஸ்க்கும் ஒற்றுமையாக அழித்துவிடும். அன்று அவசரப்பட்டு வாங்கிய டிஸ்க் கவர் பிரிக்காமல் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது.