பாமினி ஓடாத மெஷின் எனக்கெதற்கு? விண்டோஸ், மெக், லினக்ஸ் மின்ட் பாவித்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கொம்பியூட்டரை ஓட்டும் இந்த மூன்று ஓஎஸ்களையும் பாவித்ததில் எனக்குப் பிடித்தது லினக்ஸ் மின்ட். ஆனால் வீட்டில் அடுப்பு எரிவது விண்டோஸால். மெக் நல்ல சாமான்தான், மறுக்க ஏலாது. வாங்கத்தான் ஏலாது.

இது கொம்பியூட்டர் படித்தவன் எழுதும் ஆய்வு இல்லை. இலங்கையில், மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடிப் பக்கம் சின்னதாக ஒரு டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்ட், முப்பத்தோராம் நாள் நினைவு மலர், தவணைப் பரீட்சை வினாத்தாள், வைகாசி வந்தால் கண்ணகி அம்மன் சடங்கு நோட்டீஸ், இடையிடையே போட்டோக்கொப்பி, லெமினேட்டிங். கேம் விளையாடுவதில்லை, வீடியோ வெட்டுவதில்லை. அதனால் எந்த ஓஎஸ் எத்தனை செக்கனில் திறக்கிறது என்ற கணக்கெல்லாம் இங்கே இருக்காது. பாமினி என்ற தமிழ் ஃபொன்ட் ஒழுங்காக ஓடுமா, கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும், ஊரார் கொண்டுவரும் பென் டிரைவைத் தாங்குமா, இவ்வளவுதான் என் பரீட்சை.

பாமினி பற்றித் தமிழ்நாட்டு ஆட்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இலங்கையில் அச்சுக்கூடத் தமிழ் என்றால் இன்றைக்கும் அதுதான். அதில் தமிழுக்கென்று தனிக் குறியீடு கிடையாது. ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தை ஏற்றி வைத்த ஃபொன்ட். 'அம்மா' என்று வர வேண்டுமென்றால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்ட வேண்டும். ஃபொன்ட் இல்லாத மெஷினில் அந்த ஃபைலைத் திறந்தால் அந்த ஐந்தும் ஆங்கிலத்திலேயே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். வாத்தியார்மார் வீட்டிலிருந்து வினாத்தாளை அடித்துக்கொண்டு வந்து, "தம்பி, எல்லாம் இங்கிலீசா வருது, வைரஸ் போல" என்று கலங்குவது இதற்குத்தான். வைரஸ் இல்லை சேர், ஃபொன்ட் இல்லை.

இந்த முறையில் ஒரு வசதி, பாமினி எந்த ஓஎஸ்ஸிலும் ஓடும். ஃபொன்ட் ஃபைலைக் கொண்டுபோய்ப் போட்டால் விண்டோஸ், மெக், மின்ட் மூன்றிலும் எழுத்து வந்துவிடும். சோதனை, தமிழுக்கென்று தனிக் குறியீடு உள்ள யூனிகோட் வந்த பிறகுதான். மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 2000 உடன் லதா என்ற யூனிகோட் ஃபொன்டைத் தந்தது. அடுத்து வந்த எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரிய வேண்டுமென்றால், கண்ட்ரோல் பனலுக்குள் போய்ச் சிக்கலான எழுத்துகளுக்கான பெட்டியில் ஒரு டிக் போட வேண்டும். போட்டதும் அது எக்ஸ்பி சீடியைக் கேட்கும். சீடி யாரிடம் இருக்கும்? கடைக்காரர் கொப்பி அடித்துப் போட்டுத் தந்த மெஷின்தானே எல்லாம். அந்தச் சீடிக்காக மட்டக்களப்பு டவுனுக்கு பஸ் ஏறியவர்கள் இருக்கிறார்கள்.

யூனிகோட்டைப் பாமினி விரலால் அடிக்க விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் போன்ற தட்டச்சு சொஃப்ட்வெயார் ஒன்றைத் தனியாகப் போட வேண்டும். 2019 அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 10 உள்ளேயே தமிழ்99, அஞ்சல் கீபோர்டுகள் வந்துவிட்டன. மெக்கிலும் அவை கூடவே வருகின்றன. டைப்ரைட்டர் முறையில் கை பழகிய எனக்கு அவற்றால் பயனில்லை. மின்டில் ஐபஸ் என்ற எழுத்துள்ளீட்டு வசதியைப் போட்டு, தமிழ்ப் பட்டியலில் தேடினால் ரெங்கநாதன் கீபோர்டு இருக்கும். இலங்கைத் தமிழ் டைப்ரைட்டரின் ஒழுங்கு அது. பாமினி பழகிய விரல் அதில் தடுமாறாது. எங்களூர் ஆளுக்கென்று ஒருவன் உட்கார்ந்து அதைச் செய்து, காசு வாங்காமல் உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு லினக்ஸில் மனம் ஒட்டியதற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

லினக்ஸ் எனக்கு அறிமுகமானது உபுண்டு வழியாக. 2005 முதல் 2011 வரை அவர்கள் கேட்பவர்களுக்கெல்லாம் சீடியைத் தபாலில் சும்மா அனுப்பினார்கள். எனக்கும் வந்தது. தபால்காரர் வெளிநாட்டுக் கவர் என்று கையெழுத்து வாங்காத குறையாகத் தந்துவிட்டுப் போனார். 2011இல் யூனிட்டி என்ற முகத்தை மாட்டினார்கள், இடப்பக்கம் முழுக்கப் பெரிய பெரிய படங்கள். எனக்குக் கண்ணில் காட்ட ஏலாமல் போய் மின்டுக்கு மாறினேன். உபுண்டுவின் மேல் கட்டியதுதான் மின்டும். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, எக்ஸ்பி பாவித்தவன் முதல் நாளே வேலை செய்யலாம். பழைய மெஷினுக்கு எக்ஸ்எஃப்சிஈ என்ற பாரம் குறைந்த பதிப்பு. இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3, நாலு ஜீபி ரேம், ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி. கடையின் முன்மேசையில் இன்றைக்கும் ஓடுவது அதுதான்.

விண்டோஸ் வரலாற்றை நீட்டத் தேவையில்லை. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8இல் ஆதரவு முடிந்தது, எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகும் கனகாலம் உயிரோடு இருந்தது. விஸ்டாவை யாரும் சீண்டவில்லை. 7 நல்ல பிள்ளை. 8இல் ஸ்டார்ட் பட்டனைத் தூக்கிவிட்டார்கள், சனம் ஏசியதும் 8.1இல் திருப்பி வைத்தார்கள். 10 நிலைத்தது.

கரண்ட் விசயத்துக்கு வருவோம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. யூபிஎஸ் என்று பெயருக்கு ஒன்று இருந்தது. பற்றரி போன யூபிஎஸ் ஃபைலை சேவ் பண்ணக்கூட நேரம் தராது. ஃபைல்களை டிஸ்கில் அடுக்கி வைக்கும் முறைகளில் விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 இரண்டுமே எழுதப்போவதை முதலில் குறித்து வைத்துக்கொண்டு பிறகு எழுதும் வகை. பொத்தென்று நின்றாலும் டிஸ்க் முழுவதும் குழம்பிப் போகாது. இதில் இரண்டும் சமம். பழைய ஃபட்32 காலத்தில்தான் ஒவ்வொரு தரமும் நீலத் திரையில் ஸ்கேன் ஓடி முடியும் வரை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

வித்தியாசம் அப்டேட்டில். விண்டோஸ் மூடும்போதும் திறக்கும்போதும் பாதி வேலையைச் செய்கிறது. "கொம்பியூட்டரை நிறுத்த வேண்டாம்" என்று எழுதிக்கொண்டு சக்கரம் சுற்றும். மின்சார சபைக்கு அந்த வசனம் தெரியாது. 10 வந்த புதிதில் ஹோம் பதிப்பில் அப்டேட்டைத் தள்ளிப்போட ஒழுங்கான வழியே இல்லை. 2019இல்தான் 35 நாள் வரைக்கும் நிறுத்தி வைக்க விட்டார்கள். மின்டில் கீழே ஒரு சின்னப் படம் வந்து இருக்கும், அவ்வளவுதான். நான் அமத்தினால்தான் இறங்கும், வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஏறிவிடும். ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கேர்னல் புதியது வந்து பிடிக்காவிட்டால் பழையதில் திறக்கலாம். டைம்ஷிஃப்ட் என்ற மீட்பு வசதியைப் போட்டு வைத்தால் நேற்றைய நிலைக்கே திரும்பலாம். மின்ட் அப்டேட் சிறியது என்று யாரும் நினைக்க வேண்டாம், லிப்ரெஒஃபிஸும் ஃபயர்பொக்ஸும் ஒன்றாக வந்தால் நல்ல பாரம். ஆனால் நைட் டேட்டாவில் இறக்குவதா, பகல் டேட்டாவைத் தின்ன விடுவதா என்று நான் தீர்மானிக்கிறேன். விண்டோஸிலும் டேட்டாவைச் சிக்கனமாகப் பாவிக்க மீட்டர்ட் கனெக்ஷன் என்று ஒரு இடம் இருக்கிறது. டொங்கிளில் நெட் எடுப்பவர்கள் அதை முதல் நாளே போட்டுவிட வேண்டும். சொன்னால் பத்தில் ஒருவர் கேட்பார்.

பென் டிரைவ்தான் எனக்கு ருசியான பகுதி. ஊரில் ஒரு பென் டிரைவ் என்பது பள்ளிக்கூடம், கொமினிகேஷன் கடை, ஒஃபிஸ், கூட்டாளி வீடு என்று எல்லா வாசலிலும் வாய் வைத்துவிட்டு வருகிற சாமான். கொண்டுவந்து குத்தினால் உள்ளே ஒரே ஒரு ஷோர்ட்கட் மட்டும் இருக்கும். பிள்ளையின் புரொஜெக்ட் எல்லாம் போய்விட்டது என்று தாய் அழாக்குறை. போகவில்லை. அந்த வைரஸ் ஃபைல்களையெல்லாம் பெயரில்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி, ஒளித்து வைத்துவிட்டு, ஷோர்ட்கட்டை வாசலில் நிறுத்தும். அதைக் கிளிக் பண்ணினால் ஃபோல்டரும் திறக்கும், வைரஸும் மெஷினுக்குள் இறங்கும். பென் டிரைவ் குத்தியவுடன் தானாக ஓடும் வசதியை மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 7இல் எடுத்துவிட்டது, 2011இல் எக்ஸ்பிக்கும் அப்டேட் தந்தது. அதனால்தான் வைரஸ்காரர்கள் நாமே கிளிக் பண்ணும்படி இந்த ஷோர்ட்கட் வேசத்தை எடுத்தார்கள்.

மின்ட் மெஷினில் அதே பென் டிரைவைக் குத்தினால் ஒளித்து வைத்தது ஒளியாது. விண்டோஸ் போட்ட 'ஹிடன்' அடையாளத்தை லினக்ஸ் கணக்கில் எடுப்பதில்லை. பெயரில்லாத ஃபோல்டர் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். உள்ளே போய் ஃபைல்களை வெளியே இழுத்துவிட்டு மற்றதை அழித்தால் முடிந்தது. அந்த வைரஸ் விண்டோஸுக்கு எழுதியது, இங்கே அதற்குக் கை கால் இல்லை. இதைச் செய்யும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் என்னைப் பெரிய கொம்பன் என்று நினைக்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

இவ்வளவு புகழ்ந்தவன் ஏன் விண்டோஸை வைத்திருக்கிறேன்? கோரல்டிரோ என்ற டிசைன் சொஃப்ட்வெயாருக்காக. கல்யாணக் கார்டும் நோட்டீஸும் அதில்தான். அச்சகக்காரர்களும் அந்த ஃபைலைத்தான் கேட்பார்கள். இன்றைக்கு லினக்ஸுக்குக் கோரல் கிடையாது. இங்க்ஸ்கேப் நல்ல சொஃப்ட்வெயார், கோரல் ஃபைலையும் ஓரளவு திறக்கும். ஆனால் ஓரளவு திறந்த கல்யாணக் கார்டை வைத்து என்ன செய்ய? மணமகன் பெயர் ஒரு பக்கம், 'திருநிறைச்செல்வன்' இன்னொரு பக்கம். நாலு கலர் பிரித்து அடிக்கும் ஓஃப்செட் வேலைக்கும் அதில் கை கட்டித்தான் இருக்கிறது. வினாத்தாளும் அப்படித்தான். வேர்டில் அடித்ததை லிப்ரெஒஃபிஸில் திறந்தால் வரி இடம் மாறும், ஆறாம் கேள்வியின் படம் ஏழாம் கேள்விக்குப் பக்கத்தில் போய் நிற்கும். புதிதாக அடிப்பதென்றால் லிப்ரெஒஃபிஸ் போதும், பிறர் அடித்ததைத் திருத்துவதென்றால் வேர்ட்தான்.

அடுத்த முட்டுக்கட்டை பிரிண்டர். காத்தான்குடியில் எனக்கு மெஷின் திருத்தித் தரும் ஒரு நானா இருக்கிறார். முன்மேசை மெஷினுக்கு மின்ட் போட முதல் அவரிடம் கேட்டேன்: "நானா, இதுல பிரிண்டர் வேலை செய்யுமா?" "கொம்பனி பேரச் சொல்லாத தம்பி, மொடலச் சொல்லு" என்றார். சரியான கேள்வி. நெட்வேர்க்கில் ஓடும் புதிய பிரிண்டர் பலவற்றுக்கு லினக்ஸில் டிரைவரே தேவையில்லை, கண்டுபிடித்துக்கொள்ளும். என்னிடம் இருந்த பழைய லேசர், கொம்பியூட்டரின் மூளையைக் கடன் வாங்கி அடிக்கும் வகை. அது கடைசி வரை மசியவில்லை, விண்டோஸ் மெஷினோடு கட்டிப் போட்டேன். மின்டை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். அப்படி ஓட்டி, ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

மெக் கதை சின்னது. சுவிஸில் இருக்கும் மருமகன் ஊருக்கு வந்தபோது தன் மெக்புக் எயாரை விட்டுப்போனான். 2020 கடைசியில் வந்த எம்1 மொடல். உள்ளே காற்றாடி இல்லை, அதனால் சத்தமும் இல்லை, எங்களூர் உப்புக் காற்றையும் தூசையும் உள்ளே இழுப்பதும் இல்லை. ஒரு சார்ஜில் பகல் முழுக்க ஓடும். மின்வெட்டுக் காலத்தில் இது கையில் இருந்திருக்க வேண்டும் என்று பலதடவை நினைத்திருக்கிறேன். திரையில் தமிழ் எழுத்தின் அழகு மூன்றிலும் இதில்தான். கண்ணாடி போட்ட கண்ணுக்கு அது பெரிய விசயம். ஆனால் ரேம் சிப்போடு ஒட்டியது, பிறகு கூட்ட ஏலாது. பழுதானால் நானாவும் கை விரிப்பார். அதில் படம் பார்க்கிறேன், கடைக் கணக்கு எழுதுகிறேன், மனிசி சுவிஸுக்கு வீடியோ கோல் எடுக்கிறா.

இப்போது எல்லாரும் கேட்பது விண்டோஸ் 11 பற்றி. 10க்கு 2025 ஒக்டோபர் 14இல் ஆதரவு முடிந்தது. 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எங்கள் பக்கத்துக் கடை, பள்ளிக்கூடம், வீடு எங்கும் கிடப்பது அதற்கு முந்தியவைதான். 2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போன நாளிலிருந்து புது மெஷின் வாங்குவது லேசான காரியம் இல்லை. வேலை செய்கிற சாமானைத் தூக்கி எறி என்று ஒரு ஓஎஸ் சொன்னால் எனக்குக் கோபம் வரும். மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் உண்டு, அதே பழைய மெஷினில். ஓ.எல்., ஏ.எல். படிக்கும் பிள்ளை, நெட் பார்க்கிற, லெட்டர் அடிக்கிற வீடு, இவர்களுக்கு மின்ட் போடுங்கள் என்று கூசாமல் சொல்வேன். கோரல், ஃபொட்டோஷொப், கணக்கு சொஃப்ட்வெயார் என்று ஏதாவது ஒன்றில் மாட்டியிருந்தால் விண்டோஸை விட ஏலாது. வீட்டுப் பாவனைக்கான விண்டோஸ் 10 மெஷினைப் பதிவு செய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும், அதற்குள் காசு சேருங்கள்.

என் கோரல் மெஷினும் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதுதான். அதை மாற்றப் போவதில்லை. நெட் கேபிளைக் கழற்றிவிட்டேன். வெளியிலிருந்து வரும் எந்தப் பென் டிரைவும் முதலில் முன்மேசை மின்டில் குத்தி, துடைத்து, அதற்குப் பிறகுதான் அந்த மெஷினுக்குப் போகும்.