இதயச் செயலிழப்போடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும்: மாத்திரையா, அப்லேஷனா?

பம்ப் திறன் குறைந்த இதயத்தில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் (மேலறைகளின் தாறுமாறான துடிப்பு) சேர்ந்துகொண்டால், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். மேலறைகள் சுருங்காமல் வெறுமனே துடிதுடிப்பதால், கீழறை நிரம்பும்போது கடைசியாகக் கிடைக்கும் தள்ளல் போய்விடும். நாடி 130 என்று வாரக்கணக்கில் ஓடினால் தசையே தளர்ந்து இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) இன்னும் இறங்கும்.

வழிகள் மூன்று: வேகத்தை மட்டும் அடக்குவது, அமியோடரோன் என்ற மருந்து கொடுத்துச் சீரான துடிப்பில் வைப்பது, கதீட்டர் அப்லேஷன் (ரத்தநாளம் வழியே மெல்லிய குழாய் செலுத்தி, கோளாறைத் தூண்டும் இடங்களைச் சுட்டு முடக்குவது). இ.எஃப். குறைந்தவர்களுக்கு என் சாய்வு மூன்றாவது பக்கம்.

முதல் வழி எளிது. நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர், போதாவிட்டால் கூடவே குறைந்த அளவு டிஜாக்சின், ஓய்வில் நாடி 110க்குள். இ.எஃப். 40க்குக் கீழே இருந்தால் நாடியைக் குறைக்கும் வேறு மருந்துகளான வெராபமில், டில்டியாஸெம் பக்கமே போகக்கூடாது. ஆனால் வேகம் அடங்கினாலும் மேலறைத் தள்ளல் திரும்பாது.

2008இல் வெளியான ஏஎஃப்-சிஎச்எஃப் ஆய்வில் 1376 பேர். பெரும்பாலும் அமியோடரோனால் துடிப்பைச் சீராக்கிய பிரிவில் இதய, ரத்தநாள நோயால் இறந்தவர்கள் 27%, வேகத்தை மட்டும் அடக்கிய பிரிவில் 25%. சீராக்குவதில் லாபமில்லை என்று பலர் முடிவுகட்டியது இதை வைத்துத்தான். மருந்தால் சீராக்குவதில் லாபமில்லை என்பதுதான் அதற்குச் சரியான வாசிப்பு. 2018இல் காஸில்-ஏஎஃப் ஆய்வு 363 பேரிடம் அப்லேஷனைச் சோதித்தது: இறப்பு அல்லது செயலிழப்பு முற்றி அட்மிட் ஆவது அப்லேஷன் பிரிவில் 28.5%, மருந்துப் பிரிவில் 44.6%. அதில் சேர்ந்தவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், எல்லோருக்கும் ஏற்கெனவே உடலுக்குள் டிஃபிப்ரிலேட்டர் (ஆபத்தான துடிப்பை மின் அதிர்ச்சியால் சரிசெய்யும்) கருவி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2022இல் வந்த ராஃப்ட்-ஏஎஃப் முடிவும் அதே திசையில்தான் சாய்ந்தது. ஆனால் தற்செயல் அல்ல என்று சொல்லும் புள்ளியியல் கோட்டைத் தாண்டவில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது தொடர் பராமரிப்பு. அமியோடரோன் தினம் ஒரு 200 மி.கி. மாத்திரைதான்; அதைக் கண்காணிப்பதுதான் பாடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். (தைராய்டு), கல்லீரல் பரிசோதனை. ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்காவது குறைக்கவேண்டி வரும், டிஜாக்சினைப் பாதியாக்கவேண்டும். மருந்தை நிறுத்தினாலும் உடம்பை விட்டுப் போக மாதங்கள் ஆகும். மோசமானது நுரையீரல் பாதிப்பு: வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் பார்ப்பதற்குச் செயலிழப்பு முற்றியது போலவே இருக்கும். நீர் மாத்திரையைக் கூட்டியும், எடை இறங்கியும் மூச்சு தெளியவில்லை என்றால் சி.டி. எடுத்துப் பார்க்கவேண்டும். அமியோடரோனால் தைராய்டு சுரப்பு கூடினால் அடங்கியிருந்த ஃபிப்ரிலேஷனே திரும்ப வரும். அதை மருந்து போதவில்லை என்று நினைத்து டோஸை ஏற்றுவது அடுத்த தவறு.

அப்லேஷனில் சுமை முன்னால் வந்து முடிகிறது. இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கும் ஆபத்து ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு. முதல் இரண்டு மூன்று மாதங்களில் துடிப்பு தடுமாறுவதை வைத்துத் தோல்வி என்று சொல்லக்கூடாது. சிலருக்கு இரண்டாம் முறையும் செய்யவேண்டியிருக்கும். அரிதான, ஆனால் உயிரெடுக்கும் சிக்கல் ஒன்று உண்டு: சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல், விழுங்கும்போது வலி, பக்கவாத அறிகுறி வந்தால் உணவுக்குழாய்க்கும் மேலறைக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம். உடனே மார்பு சி.டி. எடுக்கவேண்டும், எண்டோஸ்கோப்பி செய்யக்கூடாது; அதில் செலுத்தும் காற்று அந்த ஓட்டை வழியே மூளைக்குப் போய்விடும்.

மேலறை மிகவும் விரிந்து, ஃபிப்ரிலேஷன் பல வருடமாக நிலைத்தவர்களுக்கு இந்தச் சாய்வு பொருந்தாது. எம்.ஆர்.ஐ.யில் இதயத் தசையில் தழும்பு நிறைய தெரிந்தாலும் அப்படித்தான், இ.எஃப். ஏறும் வாய்ப்பு குறைவு. வேகமும் அடங்காதபோது இரு கீழறைகளையும் இயக்கும் பேஸ்மேக்கர் வைத்து ஏ.வி. கணுவை (மேலறையின் மின்துடிப்பைக் கீழறைக்குக் கடத்தும் இடம்) சுட்டுவிடுவது நல்ல மாற்று; பிறகு ஆயுளுக்கும் கருவியை நம்பித்தான் இருக்கவேண்டும். இ.எஃப். 50க்கு மேல் இருந்தும் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அப்லேஷன் ஆதாரம் இன்னும் மெலிவுதான்.

எந்த வழியானாலும், ஈ.சி.ஜி. சீராகிவிட்டது என்று ரத்த உறைவு தடுப்பு மருந்தை நிறுத்தக்கூடாது. பக்கவாத ஆபத்தைக் கணக்கிடும் மதிப்பெண்ணில் இதயச் செயலிழப்புக்கே ஒரு புள்ளி உண்டு. துடிப்பு சீரானதால் அது கழிவதில்லை.