ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் கொண்டுபோய் ‘ரீகன்’ கடையில் மாற்றுவோருக்கு ஓர் எச்சரிக்கை

கோலாலம்பூரில் பழைய காரைத் தாமே பழுதுபார்த்து ஓட்டி வருபவர்கள், ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரையோ இயந்திரத்தை முடுக்கும் ஸ்டார்ட்டரையோ கழற்றி எடுத்துச் சென்று, பழையதைக் கொடுத்து, ‘ரீகன்’ எனப்படும் புதுப்பித்ததை வாங்கிவரும் வழக்கம் உள்ளவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பணம் திரும்பி வந்துவிட்டது என்பது ஒரு காரணம். அந்தக் கடை கையாண்ட முறை அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதன்று என்பது மற்றொரு காரணம். பாகத்தை வாங்கிய நாங்களே அதை வண்டியில் மாட்டிக்கொள்கிறோம் என்பது தெரிந்தவுடன், பின்னால் எந்தக் கோளாறு வந்தாலும் “நீங்கள் மாட்டியதில்தான் தவறு” என்று சொல்லிவிடலாம் என்ற துணிவு சில கடைக்காரர்களுக்கு வந்துவிடுகிறது. பட்டறைக்கு வண்டியையே கொண்டுபோகிறவரிடம் இந்தப் பேச்சு எடுபடாது. எங்களைப் போன்றவர்களிடம் எடுபடுகிறது.

என்னுடையது இன்ஜெக்‌ஷன் வகை புரோட்டோன் வீரா. 1993இல் அறிமுகமாகி 2009 வரை தயாரிக்கப்பட்ட இந்த வண்டிக்கு உதிரிபாகம் கிடைப்பதில் இன்றும் பெரிய சிரமமில்லை. மிட்சுபிஷி இயந்திரம் என்பதால் ஆஃப்-கட் கடைகளிலும் (வெட்டி இறக்குமதியான பழைய வண்டிகளின் பாகங்களை விற்பவை) தேடலாம். தனியார் கார்களுக்கு இந்நாட்டில் ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது என்பதால், வண்டி எந்த நிலையில் சாலைக்கு வருகிறது என்பது முழுக்க உரிமையாளரின் கையில்தான் இருக்கிறது. நான் இருக்கும் அடுக்குமாடியில் வாகன நிறுத்துமிடத்தில் ஸ்பேனரைக் கையில் எடுக்கவே நிர்வாகம் அனுமதிக்காது. ஆகவே செந்தூலில் உள்ள அண்ணன் வீட்டு வாசலில்தான் எல்லா வேலையும் நடக்கும்.

பேட்டரி விளக்கு மங்கலாக எரியத் தொடங்கியபோது, முதலில் செய்யவேண்டிய சோதனைகளைச் செய்தேன். இயந்திரம் நின்றிருக்கையில் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்கவேண்டும். எனக்கு ஓடும்போதும் 12.3தான் காட்டியது. பெல்ட்டின் இறுக்கம், பியூஸ் இணைப்பு, தரை வயர் மூன்றும் சரியாக இருந்தன. ஆக, கோளாறு ஆல்டர்னேட்டருக்குள்ளேதான். பெரும்பாலும், உள்ளே சுழலும் உறுப்புக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் என்று கணித்தேன்; அது சில பத்து ரிங்கிட்டில் முடியும் வேலை. இருந்தாலும், ஆல்டர்னேட்டரைச் சுழற்றிப் பார்க்கும் மேசை உள்ள வயர்மேன் (வண்டி மின்வேலை) கடையில் ஒருமுறை சோதித்துவிட்டால் ஐயம் தீருமே என்று, அடையாளத் தகட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கொண்டுபோனேன்.

கடைக்காரர் நம்மவர், வயதில் மூத்தவர், பேச்சும் இனிமையாக இருந்தது. ஆல்டர்னேட்டரை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனவர், சற்று நேரத்தில் திரும்பி வந்தார். சோதனை மேசையின் மோட்டார் ஓடிய சத்தம் ஏதும் என் காதில் விழவில்லை. “தம்பி, உள்ளே எல்லாம் போயிருச்சி. ரெகுலேட்டர், டையோட், பேரிங் மூணும் மாத்தணும். அதுக்கு ரீகன் எடுத்துக்கிட்டா உங்களுக்குத்தான் மிச்சம்” என்றார். கண்ணாடிபோல் மின்னும் வெள்ளிநிறச் சாயம் பூசிய ஒன்றை எடுத்து வைத்தார். விலை 280 ரிங்கிட். என் பழையது கடைக்கே சேரும். உத்தரவாதம் ஆறு மாதம் என்றார். அதை ரசீதில் எழுதித் தரக் கேட்டதற்கு, கடை முத்திரை இருந்தால் போதும் என்றார். ரசீதில் இருந்ததெல்லாம் ‘ஆல்டர்னேட்டர் 1’ என்பதும் தொகையும் மட்டுமே. புதியதா, புதுப்பித்ததா, எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, எத்தனை ஆம்பியர் என எதுவும் இல்லை. வீடு திரும்பியதும், ஆறு மாத உத்தரவாதம்தானே என்று வாட்சாப்பில் கேட்டு வைத்தேன். “ஆமா தம்பி, ஆறு மாசம்” என்று பதில் வந்தது. அந்த ஒற்றை வரிதான் பின்னால் எனக்குக் கைகொடுத்தது.

மாட்டி முடித்தபோது 14.1 வோல்ட் காட்டியது. குளிர்ந்த நிலையில், விளக்கோ குளிர்சாதனமோ போடாமல் பார்த்தால் பாதி பழுதான ஆல்டர்னேட்டரும் இந்த அளவைக் காட்டும் என்பதை இவ்விடத்தில் சொல்லிவிடவேண்டும். கடைகளில் காட்டப்படும் சோதனையும் பெரும்பாலும் இவ்வளவே. சில வாரங்களுக்குப் பிறகு ஒரு மாலையில், பத்துமலைக்கு அருகே நடுவட்டச் சாலை 2இல் நெரிசலும் கனமழையும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. வைப்பர், முன்விளக்கு, குளிர்சாதனம், கண்ணாடியின் பனிநீக்கி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடின. வைப்பரின் வேகம் குறைந்தது, விளக்கு மஞ்சளடித்தது, பேட்டரி விளக்கு மீண்டும் எரிந்தது. குளிர்சாதனத்தை அணைத்து, கண்ணாடியை இறக்கி, நனைந்துகொண்டே கெப்போங் பக்கம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கினேன். அங்கே அளந்தபோது 12.2 வோல்ட். சூடேறும்போது, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அதைச் சற்றுக் குறைப்பது இயல்புதான். ஆனால் பேட்டரியின் ஓய்வுநிலைக்கும் கீழே இறங்குவது இயல்பன்று.

கடைக்குத் திரும்பிப் போனபோது நடந்ததைத்தான் எல்லோரும் கவனமாகப் படிக்கவேண்டும். கடைக்காரர் முதலில் செய்தது, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் பேட்டரியின் முனையைக் கழற்றியது. “வண்டி நிக்கலை பாருங்க, ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் இருக்கு” என்றார். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது. மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள வண்டியில் இப்படிச் செய்தால் மின்னழுத்தம் திடீரென்று எகிறி, அந்தப் பெட்டியையும் ஆல்டர்னேட்டரின் டையோடுகளையும் சேர்த்தே கெடுத்துவிடலாம். உங்கள் வண்டியில் யாரும் இதைச் செய்ய விடாதீர்கள். கையைப் பிடித்துத் தடுத்தாலும் தவறில்லை. வண்டி நிற்காமல் ஓடுவதால் நிரூபணமாவதும் ஒன்றுமில்லை. இயந்திரம் ஓடுவதற்குத் தேவையான மின்சாரம் குறைவு; கேள்வி முழுச் சுமையைத் தாங்குமா என்பதுதான்.

அடுத்து, பேட்டரி பலவீனம் என்று புதிய பேட்டரி ஒன்றை விற்கப் பார்த்தார். என் பேட்டரி வாங்கி ஓராண்டுகூட ஆகாதது என்று அதன் அட்டையைக் காட்டினேன். அப்போதுதான் பேச்சு மாறியது. “நீங்களே மாட்டினீங்க இல்ல? வயர் தப்பா மாட்டியிருப்பீங்க, பெல்ட்ட அதிகமா இறுக்கியிருப்பீங்க. நாங்க மாட்டியிருந்தாத்தான் வாரண்டி.” ஆறு மாதம் என்று உறுதி சொன்ன நாளில் இந்த நிபந்தனை வாய்மொழியாகக்கூட வரவில்லை. நான்தான் மாட்டப்போகிறேன் என்பது அவருக்கு அன்றே தெரியும். வண்டி இல்லாமல் பாகத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு அவர் முன் நின்றிருந்தேனே.

இந்த வாதத்தை முறியடிக்க அளவுகள் வேண்டும்; கோபம் உதவாது. இயந்திரத்தை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்றுகளில் ஓடவிட்டு, எல்லாச் சுமைகளையும் போட்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் வெளிவரும் பி முனைக்கும் பேட்டரியின் நேர்முனைக்கும் இடையே அளந்தேன், 0.1 வோல்ட்டுக்குச் சற்று மேல். ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அதைவிடக் குறைவு. இரண்டும் 0.2க்குள் இருந்தால் வயரிணைப்பில் குறையில்லை என்று பொருள். பிறகு மல்டிமீட்டரை மாறுமின் அளவைக்குத் திருப்பி பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தபோது 0.9 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே டையோடு பழுது என்று ஐயப்படலாம். ஆல்டர்னேட்டரில் உருவாவது மூன்று கட்ட மாறுமின்சாரம். ஆறு டையோடுகள் அதை நேர்மின்சாரமாக்குகின்றன. அவற்றுள் ஒன்று திறந்துகொண்டால் உற்பத்தி குறையும், அலைவும் கூடும். ஒரு சிறு எச்சரிக்கை: மலிவான மீட்டர்கள் சில, மாறுமின் அளவையில் நேர்மின்சாரத்தையும் சேர்த்துக் காட்டிவிடும். இயந்திரத்தை அணைத்த நிலையில் அதே அளவையில் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். சுழியம் காட்டாமல் இருபத்தைந்தையொட்டி ஏதோ ஓர் எண் வந்தால் அந்த மீட்டரை இந்தச் சோதனைக்கு நம்பாதீர்கள். கடைக்காரரிடம் அந்த எண்ணைக் காட்டி வாதாடி மாட்டிக்கொள்ள நேரும்.

ஆல்டர்னேட்டரைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுத்தது. நான்கு நீளப் போல்ட்டுகளைக் கழற்றினால் உள்ளே தெரிந்துவிடும். ஆனாலும் திறக்கவில்லை. திறந்த கணமே “உள்ளே கை வைத்துக் கெடுத்துவிட்டீர்கள்” என்ற அடுத்த வாதத்துக்கு நாமே வழிவிட்டதாகும். அதற்குப் பதிலாக, செகாம்புட் பக்கம் சோதனை மேசை உள்ள வேறொரு கடையில் கொடுத்து, என் கண்முன்னே சுழற்றி, சுமை ஏற்றிப் பார்த்து, கிடைத்த ஆம்பியர் அளவைத் தாளில் எழுதி முத்திரையிட்டுத் தரக் கேட்டேன். வண்டிக்குரிய அளவில் பாதிகூட வரவில்லை. மேசையில் ஓடும் ஆல்டர்னேட்டருக்கு என் வயரிணைப்போ என் பெல்ட்டோ காரணமாக இருக்கமுடியாது என்பதால், கடைக்காரரின் வாதம் அந்தத் தாளோடு முடிந்தது.

அதன் பின்னும் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆகவே பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போனேன். டிடிபிஎம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இம்மன்றம் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது, பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, இணையம் வழியாகவும் பதியலாம். பாரம் 1ஐ நிரப்பி, ரசீது, வாட்சாப் பதில், சோதனைத் தாள், மீட்டர் அளவுகளின் படங்கள் ஆகியவற்றை இணைத்தேன். எதிர்தரப்புக்கு அந்தப் பாரம் கிடைத்ததும், பாரம் 2 வழியாக 14 நாள்களுக்குள் பதில் தரவேண்டும். பதில் வரவில்லை, கடைக்காரரே அழைத்தார். இவ்வளவு தூரம் போவேன் என்று நினைக்கவில்லை என்ற வருத்தம் அவர் குரலில் இருந்தது. நம்மவர்கள் நமக்குள் பேசித் தீர்த்திருக்கலாமே என்றார். பேசித் தீர்க்கத்தான் நான் பலமுறை அழைத்திருந்தேன். 280 ரிங்கிட் முழுதும் கணக்கில் வந்த பிறகே கோரிக்கையை மீட்டுக்கொண்டேன். வாய்ச்சொல்லை நம்பி முன்னதாக மீட்டுக்கொள்ளவேண்டாம். சரக்கைப் பற்றிப் பொய்யாக விவரித்து விற்பது 2011ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். அதற்கான புகாரை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் தனியே கொடுக்கலாம்.

என் பழைய ஆல்டர்னேட்டர் மட்டும் திரும்பி வரவில்லை. எப்போதோ அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அவர் கொடுத்ததையும் திரும்பக் கேட்கவில்லை, “நீங்களே வச்சுக்குங்க” என்றார். புதுப்பித்த நல்ல சரக்கு என்று 280 ரிங்கிட் விலை சொன்ன பொருளை இவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பாரா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பணம் வந்த பிறகு அதைத் திறந்தேன். பேரிங்கின் மூடி மேலேயே சாயம் படிந்திருந்தது. அதாவது, பிரிக்காமலேயே முழுதாக வைத்துச் சாயம் அடித்திருக்கிறார்கள். பிரஷ் தேய்மான எல்லைக் கோடுவரை தேய்ந்திருந்தது, சுழல் வளையத்தில் விரல்நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம். ஸ்டேட்டர் (சுழலாத கம்பிச்சுருள்) வயர்களின் ஈயப்பற்றை நீக்கி ஒவ்வொரு டையோடாகச் சோதித்ததில், ஒன்று இரு திசையிலும் மின்சாரத்தைக் கடத்தவில்லை. புதுப்பிக்கப்பட்டது சாயம் ஒன்றுதான். என் பழையதில் பிரஷ் மட்டுமே போயிருந்தது என்று இன்றும் நம்புகிறேன். அது இப்போது வேறொருவர் வண்டியில், வெள்ளிநிறச் சாயத்தோடு, நல்ல விலைக்கு ஓடிக்கொண்டிருக்கலாம்.

எல்லா ரீகன் கடைகளும் இப்படியல்ல. செகாம்புட் கடைக்காரர் சோதனைக்குச் சிறு தொகையே வாங்கினார், வாங்கியதற்கு வேலையும் காட்டினார். வேறுபாட்டைக் கடைக்குள் நுழைந்த சில நிமிடங்களிலேயே கண்டுகொள்ளலாம். பழையதைக் கொடுக்கும் முன், பின்பக்கம் கொண்டுபோகாமல் நம் முன்னிலையிலேயே மேசையில் வைத்துச் சுழற்றச் சொல்லவேண்டும். இயன்றவரை மாற்றிக்கொள்ளாமல், நம்முடையதையே பிரித்துப் பழுதான உறுப்பை மட்டும் மாற்றித் தரக் கேட்கவேண்டும். கழற்றிய பிரஷையும் டையோடு தட்டையும் பையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லவேண்டும். நம்முடையதுதான் திரும்பி வந்ததா என்று அறிய, உடலில் எளிதில் கண்ணில் படாத இடத்தில் ஆணியால் ஒரு கீறல் இட்டு வைப்பது போதும். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், ரீகன் ஆல்டர்னேட்டரைச் சுமையோடு சுழற்றி ஆம்பியர் அளவைப் பார்த்த பிறகே பணம் தரவேண்டும். ரசீதில் ‘புதுப்பித்தது’ என்ற சொல்லும், ஆம்பியரும், உத்தரவாதக் காலமும், ‘வாங்குபவரே பொருத்துகிறார்’ என்ற குறிப்பும் இருக்கவேண்டும். இந்தக் கடைசிக் குறிப்பை எழுதத் தயங்குகிற கடையில், பழைய ஆல்டர்னேட்டரைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறிவிடுங்கள்.